பியவோவியேஷா: ராஜாக்கள் வேட்டையாடக் காத்த காடு

வியாழன் இரவு

போலந்துத் தலைநகர் வார்சாவிலிருந்து கிழக்கே சுமார் 250 கிலோமீட்டர். ஹைனூவ்கா என்ற சிறு நகரத்தைத் தாண்டினால் கடைசி இருபது கிலோமீட்டர் முழுக்கக் காடுதான், சாலை நூல் பிடித்த மாதிரி அதற்குள் போகிறது. செப்டம்பர் நடுப்பகுதி என்பதால் காளான் காலம். காரை ஓரங்கட்டிவிட்டுக் கூடையோடு மரங்களுக்குள் இறங்கிக்கொண்டிருந்தார்கள் ஜனங்கள். ஓரிடத்தில் ஒரு பாட்டி பிளாஸ்டிக் வாளி நிறையக் காளானை வைத்து விற்றுக்கொண்டிருந்தார்.

"நிறுத்தவா?" என்றாள் அக்கா.

"வாங்கி எங்க வச்சுச் சமைக்கிறது? போக்கா."

அக்கா வார்சாவில் வேலை பார்க்கிறாள், போலிஷ் ஓரளவு பேசுவாள். நான் விடுமுறைக்கு வந்தவன். எல்லோரும் போகிற கிராக்கோவ், உப்புச் சுரங்கம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு பெலாரஸ் எல்லையோரம் இருக்கும் இந்த பியவோவியேஷா கிராமத்துக்கு அவளை இழுத்து வந்தது நான்தான். எனக்குக் காட்டெருது பார்க்கணும். ஐரோப்பாவில் இன்று உயிரோடு இருக்கும் தரைவாழ் விலங்குகளில் ஆகப் பெரியது அது. போலிஷில் 'ஷூபர்' என்கிறார்கள். பியர் டப்பாவிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை ஊரெங்கும் அதன் படம்தான்.

காட்டுக்கு நடுவே வெட்டித் திருத்திய ஒரு பெரிய வெளிதான் இந்தக் கிராமம். நரேவ்கா ஆறு ஊடே ஓடுகிறது. நம் ஊர்க் கணக்கில் அதை வாய்க்கால் என்றுதான் சொல்லணும். நீளமான ஒரு தெரு, இரண்டு பக்கமும் மரவீடுகள், சன்னல் சட்டங்களிலும் கூரை விளிம்பிலும் செதுக்கு வேலை. மின்கம்பத்து உச்சியில் இருந்த நாரைக் கூடு காலியாகக் கிடந்தது. ஆகஸ்ட் முடிவதற்குள் அவை ஆப்பிரிக்காவுக்குக் கிளம்பிவிடுமாம்.

விடுதி அம்மா பக்கத்து வீட்டுக்காரரிடம் வேலிக்கு மேலே பேசியதில் அக்காவுக்குப் பாதி புரியவில்லை. "இது போலிஷ் இல்லடா" என்றாள். பெலாரஷ்யமும் உக்ரேனியமும் உரசும் ஒரு வட்டாரப் பேச்சு இது. இந்தப் பகுதியில் கத்தோலிக்கர்களை விட ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் அதிகம் உள்ள ஊர்கள் நிறைய உண்டு.

சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கைத் துருவி அடுப்பில் சுட்ட பாப்கா, மேலே காளான் குழம்பு, ஒரு கரண்டி புளித்த கிரீம். வாளிப் பாட்டியின் காளான் கடைசியில் தட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டது. காலை எட்டு மணிக்கு வழிகாட்டி வருகிறார். தூங்கப் போகிறேன்.

வெள்ளி

பியவோவியேஷாக் காட்டின் போலந்துப் பக்கம் சுமார் 62,000 ஹெக்டேர். அதில் தேசியப் பூங்கா வெறும் 10,500 ஹெக்டேர்தான். மீதியெல்லாம் அரசு வனத்துறையின் கையில். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமைப் பதிவில் தேவைப்படும். பூங்காவுக்குள்ளும் ஒரு பகுதி கடும் பாதுகாப்பில் இருக்கிறது. 1921இல் காப்புக்காடாக ஒதுக்கி, 1932இல் தேசியப் பூங்காவாக்கிய பகுதி இது. உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் யாரும் உள்ளே போக முடியாது.

புல்வெளியைத் தாண்டிப் போனால் உயரமான மரவாசல் ஒன்று நிற்கிறது. அதைக் கடந்து பத்து நிமிடம் நடந்ததும், நான் எதிர்பார்த்து வந்த காடு இது இல்லை என்று தெரிந்துவிட்டது. வரிசை வரிசையாக நிமிர்ந்து நிற்கும் கம்பீர மரங்களை நினைத்து வந்திருந்தேன். இங்கே நிற்கிற மரத்துக்குச் சமமாக விழுந்த மரம் கிடக்கிறது. ஒன்றின் மேல் ஒன்று, குறுக்கும் நெடுக்குமாக. பாதி உளுத்தவை, பாசி மூடியவை, நடுவே முறிந்து பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பவை. அக்கா என் காதில், "யாராவது இதைக் கொஞ்சம் சுத்தம் பண்ணக் கூடாதா?" என்றாள்.

வழிகாட்டி ஐம்பது வயதை ஒட்டிய பெண்மணி. தமிழ் தெரியாவிட்டாலும் தொனி புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே எங்களை விழுந்து கிடந்த ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம் ஒன்றின் பக்கத்தில் உட்காரச் சொன்னார். அதன் மேல் முழ நீளத்துக்குள் பார்த்ததை எழுதுகிறேன். மூன்று விதப் பாசி. குளம்பு வடிவத்தில் ஒரு கெட்டிக் காளான், விளிம்பில் சிவப்புப் பட்டை, அடியில் கண்ணீர் மாதிரி நீர்த்துளிகள். விரல் உயரத்துக்கு வரிசையாக முளைத்த ஸ்ப்ரூஸ் கன்றுகள். செத்த தாய்மரத்தின் முதுகிலேயே பிள்ளைகள் வேர்விடுகின்றன, தரையில் நிழலும் போட்டியும் அதிகம் என்பதால். பட்டையைத் தொட்டால் ஈரம் விரலில் ஒட்டியது. மழை பெய்து பல நாள் ஆகியிருந்தும் மரம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது.

வெண்முதுகு மரங்கொத்தி, முவ்விரல் மரங்கொத்தி இரண்டும் ஐரோப்பாவின் பல பகுதிகளில் அரிதாகிவிட்டதற்குக் காரணம், அங்கெல்லாம் செத்த மரத்தை உடனே அப்புறப்படுத்திவிடுவதுதான் என்றார். அவற்றின் இரை பட்டைக்கு அடியில் இருக்கும் புழுக்கள். மரம் செத்து நின்றால்தான் அதற்குச் சாப்பாடு. வேரோடு சாய்ந்த ஒரு மரத்தின் வேர்த்தட்டு எங்களை விட உயரமாக மண்ணோடு நிமிர்ந்து நின்றது. அதன் இடுக்கில் ரென் என்ற குட்டிப் பறவை கூடு கட்டுமாம். சுத்தம் பண்ணுவது பற்றி அக்கா அப்புறம் பேசவில்லை.

நடையின் கடைசியில் யாகெய்வோ ஓக். 1410இல் க்ருன்வால்ட் போரில் டியூட்டானிக் என்ற ஜெர்மானியத் துறவி வீரர்களைத் தோற்கடித்தாரே, அந்த மன்னர் யாகெய்வோ. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் இந்தக் காட்டில் பெரிய வேட்டை நடத்தி, இறைச்சியை உப்புப் போட்டுப் பீப்பாய்களில் அடைத்துப் படைக்குச் சேர்த்தார் என்பது வரலாறு. இந்த மரத்தடியில் இளைப்பாறினார் என்பது கதை. மரம் 1974இல் சாய்ந்தது, அப்போது அதற்கு சுமார் 450 வயது என்கிறார்கள். கழித்துப் பாருங்கள், மன்னர் இளைப்பாறிய காலத்தில் மரமே முளைத்திருக்காது. ஆனாலும் எல்லோரும் அங்கே நின்று படம் எடுக்கிறார்கள். நாங்களும் எடுத்தோம்.

சனி

இன்று ஊருக்குள் சுற்றல். முதலில் அரண்மனைப் பூங்கா.

அரண்மனை இல்லாத அரண்மனைப் பூங்கா இது. 1888இல் இந்தக் காடு ரஷ்ய ஜார் குடும்பத்தின் சொந்தச் சொத்தானது. அடுத்த ஆண்டே வேட்டை அரண்மனை கட்டத் தொடங்கி 1894இல் முடித்தார்கள். 1944இல் பின்வாங்கிய ஜெர்மன் படை அதற்குத் தீ வைத்தது. எஞ்சிய சுவர்களை 1960களில் இடித்துவிட்டார்கள். செங்கல் நுழைவாயில் மட்டும் தப்பியது. அரண்மனை நின்ற மேட்டில் இன்று இயற்கை அருங்காட்சியகம் இருக்கிறது. பூங்காவில் நின்றவற்றில் என் கண்ணுக்குப் பிடித்தது 1845இல் கட்டிய ஆளுநர் மாளிகை, பச்சை மரவீடு. ஊரிலேயே பழைய கட்டடம் அதுதான்.

குளத்தங்கரையில் ஒரு மணற்கல் தூண். ஜெர்மனியின் சாக்சனியைச் சேர்ந்த போலந்து மன்னர் மூன்றாம் அகஸ்டஸ் 1752இல் இங்கே நடத்திய வேட்டையின் நினைவுத் தூண். ஒரு பக்கம் போலிஷ், இன்னொரு பக்கம் ஜெர்மன். வேட்டைக்கு வந்த பிரபுக்களின் பெயர்களும் கொன்ற மிருகங்களின் கணக்கும் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. காட்டெருது 42, கடமான் வகை எல்க் 13, சிறு மான் 2. காட்டுக்குள் ஓடி விரட்டின வேட்டை கூட இல்லை இது. மிருகங்களை வளைத்து அடைப்புக்குள் ஓட்டி வந்து மேடைக்கு எதிரே விடுவார்கள், அரச குடும்பம் உட்கார்ந்து சுடும். மகாராணி மட்டும் இருபது காட்டெருதைச் சுட்டார், நடுநடுவே நாவல் படித்துக்கொண்டிருந்தார் என்று ஊரில் சொல்கிறார்கள்.

படித்ததும் கோபம் வரத்தான் செய்தது. ஆனால் அந்தத் தூணுக்கு முன்னால் நின்று யோசித்தால் வேறொரு கணக்கும் கிடைக்கிறது. சுற்றுவட்டக் காடுகளெல்லாம் வயலாகவும் கப்பல் மரமாகவும் போன நூற்றாண்டுகளில் இது மட்டும் ஏன் நின்றது? ராஜா வேட்டைக்கு என்று ஒதுக்கி வைத்ததால். காட்டைக் காவல் காப்பதற்கென்றே குடியமர்த்திய கிராமங்கள் இங்கே இருந்தன. திருட்டு வேட்டைக்குத் தண்டனை கடுமை. ராஜாக்களுக்குப் பதில் ஜார், ஜாருக்குப் பின் குடியரசு. 1930களில் போலந்து அதிபரின் விருந்தாளியாக ஹிட்லரின் நெருங்கிய சகா கோரிங் கூட இங்கே வேட்டைக்கு வந்திருக்கிறார். போர் வந்ததும் அதே ஆள் முழுக் காட்டையும் தன் வேட்டைக்களமாக்க நினைத்தார். 1941 கோடையில் காட்டுக் கிராமங்களை ஜெர்மானியர்கள் காலி செய்து எரித்தார்கள். காட்டைக் காத்த கைகளும் மனிதர்களை விரட்டிய கைகளும் பல சமயம் ஒன்றுதான்.

பூங்காவுக்கு எதிரே 1895இல் கட்டிய புனித நிக்கொலாஸ் ஆர்த்தடாக்ஸ் தேவாலயம். வெளியே சிவப்புச் செங்கல். உள்ளே திருவுருவத் திரை மரத்தில் இல்லை, பீங்கானில். வெளிர்நீலமும் பச்சையுமாகப் பளபளக்கிறது. படம் எடுக்க அனுமதி கேட்டோம், ஒரு தாத்தா விரலை ஆட்டினார். சரி என்று வந்துவிட்டோம்.

மத்தியானம் 'ஷெப்ரா ஷூப்ரா', அதாவது காட்டெருதின் விலா எலும்புகள். சதுப்பு நிலத்தில் கட்டைகளை அடுக்கிப் போட்ட நடைபாதை, பழைய உருளைக்கட்டைப் பாதை விலா எலும்பு வரிசை போல இருந்ததால் இந்தப் பெயர். மூன்று நான்கு கிலோமீட்டர் நடந்தால் காட்சிக் காப்பகம். காட்டெருது, லிங்க்ஸ் என்ற காட்டுப்பூனை, ஓநாய், பசுவுக்கும் காட்டெருதுக்கும் பிறந்த 'ஷூப்ரோன்' எல்லாம் வேலிக்குள். லிங்க்ஸ் தூங்கியது. காட்டெருது எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தொட்டியில் தலையை விட்டிருந்தது. பக்கத்தில் நல்ல படம் கிடைக்கும், குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு வசதி. எனக்கு மனசு ஒட்டவில்லை.

இரவு எட்டு மணிக்கு விடுதி அம்மா கதவைத் தட்டி, வெளியே வந்து கேட்கச் சொன்னார். புல்வெளிக்கு அப்பால் இருட்டுக்குள்ளிருந்து கரகரவென்று ஒரு சத்தம், பழைய லாரி ஸ்டார்ட் ஆகாமல் இருமுகிற மாதிரி. செம்மான் கடா. செப்டம்பர் அதன் இணைசேரும் காலம். ஒன்று கத்த, தூரத்திலிருந்து இன்னொன்று பதில் கொடுத்தது. அக்கா செல்போனில் பதிவு செய்தாள். கேட்டுப் பார்த்தால் அதில் எங்கள் பேச்சும் பக்கத்து வீட்டு நாயும்தான்.

ஞாயிறு

நாலரைக்கு எழுந்தோம். வேறொரு வழிகாட்டி, தன் பழைய ஜீப்போடு. தெரெமிஸ்கி கிராமத்துப் பக்கம் வயல்வெளி ஓரமாக வண்டியை நிறுத்தி, விளக்கை அணைத்து, தொலைநோக்கியை எடுத்தார். பனிமூட்டம். அரை மணி நேரம் எதுவும் இல்லை. இன்னொரு வெளிக்குப் போனோம். அங்கேயும் சாணம் மட்டும், புதுசு. அவர் குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

மூன்றாவது இடத்தில் கிடைத்தது. காட்டு விளிம்பிலிருந்து முப்பதடி தள்ளி, நூற்றைம்பது மீட்டர் தூரத்தில், தனியாக ஒரு காளை. முதலில் வைக்கோல் போர் என்றுதான் நினைத்தேன். அப்புறம் அது தலையைத் தூக்கியது. உடம்பின் எடை முழுவதும் முன்பக்கத்தில். திமில், தோள், தாடையிலிருந்து தொங்கும் மயிர். பின்பக்கம் ஒப்புக்கு ஒட்ட வைத்தது மாதிரி ஒடுக்கம். முதுகு மயிர் பனியில் நனைந்து கறுத்திருந்தது. மூச்சு விடும்போது மூக்குக்கு முன்னால் ஆவி. ஒரு காதை மட்டும் எங்கள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு மேய்ந்தது. எண்ணூறு கிலோவுக்குக் குறையாது என்றார் வழிகாட்டி. கால் மணி நேரம் அப்படியே. பிறகு தானாகத் திரும்பி மரங்களுக்குள் போனது. ஒரு சுள்ளி முறிகிற சத்தம்கூடக் கேட்கவில்லை, இத்தனை பெரிய உடம்புக்கு.

அது அங்கே நிற்பதே ஒரு விபரீதமான கதை. முதல் உலகப் போரில் பட்டினிப் படைகளும் திருட்டு வேட்டைக்காரர்களும் சேர்ந்து இந்தக் காட்டின் காட்டெருதுகளைத் தீர்த்துக்கட்டினார்கள். 1919இல் கடைசியும் போனது. காகசஸ் மலையில் இருந்த இன்னொரு வகை 1927இல் முடிந்தது. அதோடு காட்டில் சுதந்திரமாகத் திரியும் ஐரோப்பியக் காட்டெருது உலகத்தில் ஒன்றுகூட இல்லை. மிச்சம் இருந்தவை விலங்குக் காட்சிசாலைகளிலும் பண்ணைகளிலும் சில டஜன். அவற்றிலும் இன்றைய மொத்த இனத்துக்கு மூதாதையர் பன்னிரண்டே பன்னிரண்டு. இங்கே உள்ள சமவெளி வகைக்கு வெறும் ஏழு. 1929இல் சிலவற்றை பியவோவியேஷாவுக்குக் கொண்டு வந்து வேலிக்குள் பெருக்கினார்கள். 1952இல் காட்டில் விட்டார்கள். யாருக்கு யார் பிறந்தது என்று 1932 முதல் வம்சாவளிப் பதிவேடே இருக்கிறது. போலந்தில் வளர்ப்பில் பிறக்கிற குட்டிகளுக்குப் பெயர் 'போ' என்று தொடங்கணும் என்பது அதன் வழக்கம். ஏழு பேரிலிருந்து வந்த குடும்பம் என்பதால் நோய் எதிர்ப்பு பலவீனம், அது தீராத கவலை. ஆனாலும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே வந்ததால் 2020இல் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 'அழியக்கூடிய நிலை'யிலிருந்து ஒரு படி இறக்கி 'அச்சுறுத்தலை நெருங்கிய நிலை'யில் வைத்தது.

திரும்பும் வழியில் ஜெஜின்கா என்கிற வனக்குடிசை இருக்கும் திசையைக் காட்டினார். உயிரியலாளர் சிமோனா கொஸ்ஸாக் முப்பது வருடத்துக்கு மேல் மின்சாரம் இல்லாமல் அங்கே வாழ்ந்தவர். 2007இல் இறந்தார். வீட்டுக்குள் ஷப்கா என்ற காட்டுப்பன்றி, கண்ணில் பட்டதையெல்லாம் திருடும் கொராசெக் என்ற அண்டங்காக்கை. ஊர்க்காரர்களுக்கு அவர் சூனியக்காரியாகவே தெரிந்திருக்கிறார். வழிகாட்டி அவரைப் பற்றிப் பேசும்போது மட்டும் ஜீப்பின் வேகம் குறைந்தது.

காலைச் சாப்பாட்டில் சண்டை. எங்களுக்குள் இல்லை. நான் அசட்டுத்தனமாக மரவெட்டு விவகாரத்தைக் கேட்டுவிட்டேன். 2016இல் அன்றைய அரசு, பட்டை வண்டு ஸ்ப்ரூஸ் மரங்களைக் கொல்கிறது, வெட்டித்தான் காட்டைக் காப்பாற்றணும் என்று சொல்லி, பூங்காவுக்கு வெளியே உள்ள காட்டின் ஒரு வனப்பிரிவில் வெட்டு அளவை மும்மடங்காக்கியது. 2017இல் போராட்டக்காரர்கள் ராட்சத இயந்திரங்களில் தங்களைச் சங்கிலியால் கட்டிக்கொண்டார்கள். ஐரோப்பிய நீதிமன்றம் முதலில் தடை போட்டது. 2018 ஏப்ரலில், வெட்டியது ஐரோப்பியச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்பு சொன்னது.

விடுதி அம்மாவின் அப்பா மரம் வெட்டும் தொழிலாளி. "காடு அழுகுது, நாங்க குளிருக்கு விறகை வெளியூர்ல வாங்கணுமா?" என்று அந்த அம்மா அக்காவிடம் பொரிந்து தள்ளினார். அவர் மகன் வார்சாவில் படிக்கிறவன், வார இறுதிக்கு வந்திருந்தான். "வண்டு ஆயிரம் வருஷமா இருக்கும்மா, காடும் இருக்கு" என்றான். அந்த அம்மா தேநீர்க் குவளையை டொக்கென்று வைத்துவிட்டு உள்ளே போனார். வெள்ளிக்கிழமை அந்த விழுந்த ஸ்ப்ரூஸ் பக்கத்தில் உட்கார்ந்த பிறகு, நான் மகன் கட்சிதான். ஆனால் உலகம் முழுக்கப் பாரம்பரியச் சின்னம் என்று கொண்டாடும் காட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்து விறகுக்குக் காசு கொடுப்பது எரிச்சலாகத்தான் இருக்கும். அதையும் மறுக்க முடியவில்லை.

சாயங்காலம் கிழக்கே கொஞ்சம் நடந்தோம். எல்லை அந்தப் பக்கம் சில கிலோமீட்டர்தான். 2021இல் பெலாரஸ் வழியாக அகதிகள் இந்தக் காட்டுக்குள் தள்ளப்பட்டார்கள். குளிரில் சிலர் இறந்தும் போனார்கள். 2022இல் போலந்து 186 கிலோமீட்டருக்கு ஐந்தரை மீட்டர் உயர இரும்பு வேலி எழுப்பியது. அந்தப் பக்கம் 1980களிலேயே ஒரு சோவியத் வேலி. ஒரே காடு, ஒரே உலகப் பாரம்பரியச் சின்னம், நடுவே இரண்டு வேலி. சாலையில் இராணுவ வண்டி ஒன்று எங்களைக் கடந்து போனது. எல்லையோரத் தடங்களில் அவ்வப்போது நுழையத் தடை விதிக்கிறார்கள். வருகிறவர்கள் விடுதியில் விசாரித்துவிட்டுப் போங்கள், பாஸ்போர்ட் பையில் இருக்கட்டும்.

திங்கள், வார்சாவிலிருந்து

திரும்பும்போது ஹைனூவ்காவில் நிறுத்தினோம். திருத்துவப் பேராலயம் வளைந்த கூரையோடு கான்கிரீட்டில் கட்டிய நவீன ஆர்த்தடாக்ஸ் கோயில். வெளியிலிருந்து பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை, உள்ளே நிற்கும்போது பிடித்தது. முதல் உலகப் போரில் ஜெர்மானியர்கள் மரம் கடத்தப் போட்ட குறுகிய ரயில்பாதையில் இப்போது டொபீவோ வரை 11 கிலோமீட்டருக்குச் சுற்றுலா வண்டி ஓடுகிறது. எங்கள் நேரத்துக்கு வண்டி இல்லை.

அங்கிருந்து வடக்கே நரேவ் ஆற்றோரம் த்ஷெஷ்ச்சான்கா, சோத்சே, புக்வி என்று மூன்று கிராமங்கள். முதல் பெயரை அக்காவாலும் சொல்ல முடியவில்லை. 'திறந்த சன்னல் கதவுகளின் நாடு' என்று விளம்பரப் பலகை வைத்திருக்கிறார்கள். விளம்பரம் பொய் இல்லை. ஒவ்வொரு வீட்டுச் சன்னல் கதவிலும் வேறு வேறு செதுக்கு, வேறு வேறு நிறம். த்ஷெஷ்ச்சான்காவில் பச்சை மரக்கோயில், புக்வியில் நீலம். ஒரு மணி நேரத்தில் மூன்றையும் பார்த்துவிடலாம்.

ஹைனூவ்கா பேக்கரியில் மார்ச்சினெக் வாங்கியிருந்தோம். மெல்லிய அடுக்குகளும் புளிப்புக் கிரீமும் மாறி மாறி வைத்த கேக், இந்த வட்டாரத்துக்கே உரியது. அக்கா இருபது அடுக்கு வரை எண்ணிவிட்டு, பசியில் எண்ணுவதை நிறுத்திவிட்டாள்.

காட்டெருது ஒன்றே ஒன்றுதான் கண்ணில் பட்டது, அதுவும் தூரத்தில். கூட்டமாகப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஜனவரி, பிப்ரவரியில் வாருங்கள் என்றார் ஜீப்காரர். பனி விழுந்ததும் வைக்கோல் வைக்கிற வெளிகளுக்கு மொத்தமாக வந்துவிடுமாம். அப்போது விடுதி வாடகையும் குறைவு. மைனஸ் இருபது வரை போகலாம் என்பதையும் அவரே சொன்னார்.